ரிவர்ஸ் இல்லாத நரியும் பஸ்ஸின் முன் சீட்டும்

ஹரோல்ட் முப்பது வருஷமாக லோரி ஓட்டுகிறவர். பன்னிரண்டு டன் செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு, மழையில் கஞ்சியாகிப்போன மலைப்பாதையில், ஒரு கையில் ஸ்டீயரிங்கும் இன்னொரு கையில் ரொட்டி சானாயுமாக இறங்கி வருவார். அப்போதெல்லாம் அவர் வயிறு கருங்கல். ஆனால் வேறு யாராவது ஓட்டும் வண்டியில் ஏற்றி, பின்னால் உட்கார வைத்துவிட்டால் அவ்வளவுதான். வண்டி கிளம்பக்கூட வேண்டாம். டிரைவர் சாவிக்காகப் பாக்கெட்டைத் தடவும்போதே ஹரோல்டுக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு முன்னால் ரோடு முழுசாகத் தெரிந்தால் மட்டும் தப்பிப்பார். தெரியாவிட்டால், காலையில் சாப்பிட்டதிலிருந்து ஞானஸ்நானத்தன்று குடித்த பால் வரை எல்லாம் திரும்பி வரும்.

இந்த வியாதியை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவர் பஸ் ஏறியே ஆகவேண்டும். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. லுக்குட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் நாற்பத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துப் போவார்கள். ஆறு மணி நேரப் பயணம். போன வருஷம் ஹரோல்டுக்கு ஏழாவது வரிசை. பாதி வழியில் இருக்கும் தாப்பா வருவதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்து எட்டாவது வரிசை. எட்டைப் பார்த்து ஒன்பது. ஈப்போ வந்தபோது ஜெபமாலை சொல்ல வாயைத் திறக்கத் துணிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர்.

ஆகவே இந்த வருஷம் அவருக்கு முன் சீட்டு வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டை சீட்டில் ஒன்று பேட்ரிக்குடையது. பேட்ரிக், ஹரோல்டின் மனைவி ஃபிளோராவுக்கு அண்ணன். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஏற்பாடு முழுக்க அவர் கையில். மிச்சமிருக்கும் ஒரு சீட்டுக்குத்தான் சண்டை. பேட்ரிக்கின் மனைவி பமீலா முட்டிவலி என்று கேட்டார். அவர்களுடைய மகன் கெல்வின், நீலாயில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன், ரோட்டை வீடியோ எடுக்க வேண்டும் என்று கேட்டான். ஹரோல்ட், மனித குலத்தின் நன்மைக்காகக் கேட்டார்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பேட்ரிக் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தா பாருங்க. இனிமே சண்டை கெடையாது. எல்லாரு போன்லயும் நரி இருக்குது. நரி ரெண்டுல மொத்தம் நாப்பது ஊரு. பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள யாரு மொதல்ல நாப்பதையும் முடிக்கிறாங்களோ, அவங்களுக்கு முன் சீட்டு. போறப்பவும் வர்றப்பவும்."

நரி என்றால் காட்டு நரி இல்லை. அந்த வருஷம் தோட்டம் முழுக்க ஒரு தொற்று வியாதி போலப் பரவியிருந்த கைப்பேசிப் புதிர் விளையாட்டு. ஒரு நரி தபால்காரன். தோளில் பை. ஊரில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கடிதம் கொடுத்துவிட்டு அஞ்சலகத்துக்கு வந்து சேர வேண்டும். அது ஒரு தடவை நடந்த ரோடு, அதன் காலுக்குப் பின்னாலேயே காணாமல் போய்விடும். திரும்பி வர முடியாது. அதன் இரண்டாம் பாகம் அப்போதுதான் வந்திருந்தது. பேட்ரிக்கே அதில் பைத்தியமாகி, ஒருநாள் அரிசிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுக் கரியாக்கியவர்.

"முட்டிவலிக்காரிக்கு எதாச்சும் சலுகை உண்டா?" என்று பமீலா கேட்டார்.

"முட்டியிலயா வெளயாடற? வெரல்லதானே? இன்னொன்னு கேட்டுக்குங்க. யூடியூப்ல பாத்து வெளயாடுனா சீட்டு கெடையாது. அன்னம்மா மேல சத்தியம் பண்ணணும்."

எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அன்னம்மாள் பெயரைச் சொல்லிப் பொய் சத்தியம் செய்கிற தைரியம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ஃபிளோரா சொன்னார். "நரியோ நாயோ, அந்த சீட்ட வாங்கிட்டு வாங்க. இல்லன்னா இந்த வருஷம் நான் ஒங்கள யாருன்னே தெரியாத மாதிரி கடைசி சீட்டுல போயி உக்காந்துக்குவேன்."

ஹரோல்டின் கைப்பேசியில் அதுவரை விளையாட்டு எதுவும் இருந்ததில்லை. மீன் பிடிக்கும் வீடியோ பார்ப்பார், லோரி முதலாளி கூப்பிட்டால் எடுக்கமாட்டார், அவ்வளவுதான். கெல்வினிடம் கைப்பேசியைக் கொடுத்து இறக்கித் தரச் சொன்னார்.

"நரி ரெண்டுதானே மாமா?"

"ரெண்டுன்னா, ஒன்னுன்னு ஒன்னு இருக்குமேடா?"

"இருக்குது. பழசு. ஏழு வருசம் ஆச்சி. அதுல அறுவது ஊரு."

ஹரோல்ட் யோசித்தார். அவர் வாழ்க்கையில் பெரிய பரீட்சை என்று எழுதியதெல்லாம் லைசன்ஸ் பரீட்சைதான். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு கார், அதற்குப் பிறகுதான் லோரி. கார் லைசன்ஸ் இல்லாமல் லோரி லைசன்ஸ் கேட்டுப் போனவனை கவுண்டரில் இருந்த அம்மா என்ன பேச்சுப் பேசினார் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்தது கண்ணாடியில், ஏனென்றால் அந்த ஆள் அவரேதான்.

"அப்ப ஒன்ன முடிச்சாத்தானே ரெண்டு குடுப்பான்?" என்று கேட்டார்.

கெல்வின் மாமாவின் முகத்தைப் பார்த்தான். பச்சைக் குழந்தையின் முகம். உண்மையைச் சொல்ல ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் அவன் கண்ணுக்கு முன் சீட்டு தெரிந்தது.

"ஆமா மாமா. அதான் ரூலு," என்று சொல்லி, நரி ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர்கூட ஹரோல்டிடம் சொல்லவில்லை. அந்தத் தோட்டம் திறந்த நாளிலிருந்து எந்த ரகசியமும் அரை நாளுக்கு மேல் தாங்கியதில்லை. இது ஒன்றரை மாதம் தாங்கியது. ஃபிளோராவுக்கு மட்டும் நரியைப் பற்றி ஒன்றும் தெரியாததால், ரகசியம் அவர் காதில் விழுந்தும் விழாமல் போய்விட்டது.

ஹரோல்ட் விளையாடிய இடம் எண்ணெய் ஆலையின் வாசல். குலை ஏற்றிய லோரிகள் எடை போடுவதற்காக அங்கே வரிசை கட்டி நிற்கும். பதினைந்து லோரி நின்றால் மூன்று மணி நேரம். முன்பெல்லாம் அந்த மூன்று மணி நேரமும் ஹரோல்ட் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். வரிசை நகர்ந்தால் பின்னால் இருக்கும் லோரி ஹாரன் அடித்து எழுப்பும். இப்போது ஹாரன் அடித்தாலும் எழவில்லை. விழித்துக்கொண்டே எழவில்லை.

முதல் எட்டு ஊரை அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவருடைய லோரியில் ரிவர்ஸ் கியர் என்று ஒன்று உண்டு. ஆனால் அது விழுவது தேர்தல் வருவதைப் போல, எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தோட்டத்துக்குள் நுழையும்போதே எந்தப் பக்கம் குலை ஏற்றி, எந்தச் சந்தில் வளைந்து, திரும்பாமல் எப்படி வெளியே வருவது என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டுதான் நுழைவார். முப்பது வருஷமாக அவர் அந்த நரியாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். விளையாட்டு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

ஒன்பதாவது ஊரில் மாட்டிக்கொண்டார். அங்கே சிவப்புக் கதவு போட்ட ஒரு வீடு. அதில் ஒரு கிழக்கோழி. நரி கடிதத்தைக் கொடுத்ததும், கோழி உள்ளே கூப்பிட்டு டீ கொடுக்கும். நரி குடிக்கும். நரி தூங்கிவிடும். எவ்வளவு தட்டினாலும் எழாது. வாயோரத்தில் ஒரு குமிழி மட்டும் பெரிசாகிச் சின்னதாகும். நான்கு நாள் ஹரோல்ட் அந்தக் கோழியைத் திட்டாத திட்டு இல்லை. வீட்டில் ஃபிளோரா கோழிக்கறி வைத்தபோது, பழி வாங்குவதைப் போல இரண்டு தொடை அதிகம் சாப்பிட்டார்.

ஐந்தாவது நாள்தான் மண்டையில் ஏறியது. மற்ற எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சிவப்புக் கதவுக்குப் போனால், நரி டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். விடிந்ததும் அது தானாக எழும், அஞ்சலகமும் தன் பாட்டுக்குத் திறக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரு கோழி டீ ஊற்றிக் கொடுத்தே சொல்லிக்கொடுத்துவிட்டது.

இருபத்து மூன்றாவது ஊரில் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு மணி. மணியை அடித்தால் பாலம் வரும். பாலம் வந்தது, நரி போனது, அந்தப் பக்கம் முட்டுச்சந்து. ஆறு நாள் முட்டுச்சந்து. ஏழாவது நாள், ஹரோல்டின் கட்டைவிரல் நேந்திரம்பழம் கனத்தில் இருந்த காரணத்தால், ஒரு தடவைக்குப் பதிலாகத் தவறுதலாக இரண்டு தடவை மணி அடித்துவிட்டது. அவ்வளவுதான். அஞ்சலகக் கதவு படாரென்று திறந்தது. தொப்பி போட்ட ஒரு கிழட்டு ஆடு, போஸ்ட்மாஸ்டர், குச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஒரு தடவை அடித்தால் காது கேட்காதா எனக்கு?" என்பது போல ஒரு கத்துக் கத்தியது. நரி பயந்துபோய் ஒரு அடி பின்னால் குதித்தது.

பின்னால்!

"ரிவர்ஸ்!" என்று ஹரோல்ட் லோரிக்குள்ளிருந்து அலறினார். "ரிவர்ஸ் இருக்குதுடா! ரிவர்ஸ்! ரிவர்ஸ்!"

பின்னால் நின்ற லோரிக்காரன், ஹரோல்டின் லோரி பின்னுக்கு வருகிறது என்று நினைத்துத் தன் லோரியைப் பின்னுக்கு எடுத்தான். அவன் பின்னுக்கு வருவதைப் பார்த்து அடுத்தவன் எடுத்தான். எட்டு லோரி, தொண்ணூற்றாறு டன் குலை, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நகர்ந்து, கடைசி லோரி மெயின் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த நாசி லெமாக் சோற்றுக்கடையின் மேஜை வரைக்கும் போய்விட்டது.

எடை போடும் அறையின் ஜன்னலிலிருந்து யோகேந்திரன் தலையை நீட்டினார். அங்கே அவர்தான் கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கணக்கெழுதுகிற வேலை, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"ஹரோல்ட், என்னப்பா இது? லோரி எல்லாம் வீட்டுக்குப் போகுது."

"ஆடு வந்துச்சிங்க சார்! குச்சியோட!"

யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்து மூண்டாவது ஊரோ?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, கிராணி சார் ஏழு வருஷத்துக்கு முன்பே அந்த அறுபது ஊரையும் முடித்தவர் என்று. அதற்குப் பிறகு ஹரோல்ட் எடைச் சீட்டு வாங்கும்போதெல்லாம் யோகேந்திரன் குரலைத் தாழ்த்தி, "எத்தினையாவது?" என்பார். ஹரோல்ட் விரலைக் காட்டுவார். சாராயம் கடத்துகிறவர்கள்கூட அவ்வளவு ரகசியமாகப் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஐம்பத்தெட்டாவது ஊரில் இருந்தபோதுதான் இடி விழுந்தது.

"இன்னும் ரெண்டு ஊரு சார். முடிச்சிட்டா ரெண்டாவது பாகத்த தெறந்து குடுப்பான்ல?"

"ஆர் குடுக்கிறது?"

"கேம்காரன்தான்."

யோகேந்திரன் எடைச் சீட்டில் முத்திரை குத்தப் போன கையை நிறுத்தினார். "ஹரோல்ட், அது வேற, இது வேற. ரெண்டை எப்ப வேணுமெண்டாலும் தனியா இறக்கலாம். ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லயோ?"

ஹரோல்டுக்குக் காதில் சத்தம் கேட்கவில்லை. கணக்குதான் ஓடியது. நாற்பத்தைந்து நாள் போய்விட்டது. பஸ் கிளம்ப இன்னும் பத்து நாள். கெல்வின் முப்பத்தைந்தாவது ஊரைத் தாண்டிவிட்டான் என்று பேச்சு. இவர் இன்னும் நரி இரண்டின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பயல... அந்த கெல்வின் பயல..." என்று தொடங்கினார். வாக்கியத்தை முடிக்க அவருக்குத் தெரிந்த தமிழும் மலாயும் போதவில்லை.

"ஆத்திரப்படாதை," என்றார் யோகேந்திரன். "இன்னும் ரெண்டு ஊர்தானே? முடிச்சிட்டுப் போ. என்ர மகள் நிலானி ரெண்டைத்தான் முதல் விளையாடினவள். ரெண்டில எல்லாம் பளபளப்பு, நரி ஓடும், பாட்டு வேற. அதை முடிச்சிட்டு ஒண்டுக்குப் போனாள். படம் பழசு, நரி ஊருது எண்டு ரெண்டு நாளில விட்டிட்டாள். இண்டைக்கும் அவளுக்கு அந்த ஆடு ஆரெண்டு தெரியாது. நீ இத்தினை நாள் அந்த ஆட்டிட்ட அடி வாங்கியிருக்கிறாய். அது ஏன் கோவப்படுது எண்டு பாக்காமப் போகப் போறியா?"

பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன. ஹரோல்ட் லோரியை எடுத்தார். போகிற வழி முழுக்க மனசுக்குள் பஞ்சாயத்து. இடப்பக்கம் முன் சீட்டு உட்கார்ந்திருந்தது, வலப்பக்கம் அந்த ஆடு. நியாயமாகப் பார்த்தால் அப்போதே நரி இரண்டை இறக்கியிருக்க வேண்டும். அவர் இறக்கவில்லை. இத்தனை நாளாகத் தன்னைக் குச்சியால் விரட்டியவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போவது, பாதிச் சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவது போல இருந்தது.

மூன்று நாள் ஆனது. அறுபதாவது ஊரில் எல்லா வீட்டுக்கும் கொடுத்த பிறகும் நரியின் பையில் ஒரு கடிதம் மிச்சம் இருந்தது. முதல் ஊரிலிருந்தே பையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்த கடிதம். வீட்டு எண் இல்லை, பெயர் இல்லை. ஹரோல்ட் ஊர் முழுக்கத் தேடினார், வீடு இல்லை. கடைசியில் நரி அஞ்சலகத்துக்குள் போய், அந்த ஆட்டின் நாற்காலியில் அதை வைத்தது. ஆடு வந்து பார்த்தது. கண்ணாடியைப் போட்டது. ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு முத்திரை குத்திய அந்த ஆட்டுக்கு, அதுவரை ஒரே ஒரு கடிதம்கூட வந்ததில்லையாம். அதனால்தான் அத்தனை கோபம்.

ஆடு கடிதத்தைப் படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, நரிக்கு ஒரு வணக்கம் வைத்தது.

வரிசை நகர்ந்து, ஹரோல்டுக்கு முன்னால் ஏழு லோரி நீளத்துக்கு வெற்றிடம். பின்னால் ஹாரன். ஹரோல்ட் நெற்றியில் கட்டியிருந்த துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்து பார்த்த யோகேந்திரன், "முடிச்சிட்டான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

பஸ் கிளம்ப ஏழு நாள். ஹரோல்ட் நரி இரண்டைத் திறந்தார்.

திறந்ததும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. புது நரி பளபளவென்று இருந்தது, ஓடியது, சட்டைகூடப் போட்டிருந்தது. ஆனால் அந்த விளையாட்டு, ஏற்கனவே பழகினவனிடம் பேசுவது போலத்தான் பேசியது. சிவப்புக் கதவு இருந்தது. அது என்ன என்று யாரும் சொல்லவில்லை. மணி இருந்தது, இரண்டு தடவை அடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. தெரியாதவனுக்கு அது அழகான இருட்டு வீடு. ஹரோல்டுக்கு அது தன் சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்தது போல இருந்தது; சுவிட்ச் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முதல் நாள் ஒரே வரிசையில் பதினொரு ஊர்.

புதன்கிழமை லுக்குட் பாசாரில் காய்கறி வாங்கும்போது பமீலாவைப் பார்த்தார்.

"இருபத்தி ஏழுல நிக்கிறேண்ணே," என்று பமீலா புலம்பினார். "ஒரு செவப்புக் கதவு வீட்டுக்குப் போனா நரி தூங்கிருது. எழுந்திரிக்கவே மாட்டேங்குது. போனுதான் கெட்டுப்போச்சின்னு கடையில ரிப்பேருக்கு விட்டுட்டேன். அந்தச் சீனன் ரெண்டு நாளு வச்சிருந்து, ஸ்க்ரீனு மாத்தி, பேட்டரி மாத்தி குடுத்தான். இப்பவும் தூங்குது."

ஹரோல்ட் கீரைக்கட்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏண்ணே சிரிக்கிறீங்க?"

"சும்மாலா தங்கச்சி. நரின்னா களைப்பா இருக்காதா?"

வெள்ளிக்கிழமை கெல்வின் நீலாயிலிருந்து வந்து நேராக மாமா வீட்டுக்கு வந்தான். ஹரோல்ட் முப்பத்தாறில் இருக்கிறார் என்ற செய்தி அவன் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"மாமா, ஆறு நாளுல முப்பத்தாறா? யூடியூப் பாத்தீங்கதானே?"

"அன்னம்மா மேல ஆணையா இல்லடா. நீ முப்பத்தி ஒன்ன எப்படித் தாண்டுன? அத சொல்லு."

கெல்வின் பெருமையாக நிமிர்ந்தான். "அது ஒரு பக் மாமா. மூணு வாரம் அங்கயே நின்னேன். கடுப்பாயி போன போட்டு தட்டுனேன். மணி ரெண்டு தடவ அடிச்சிருச்சி. கதவுலேர்ந்து ஒரு குச்சி வந்து நரிய பின்னால தள்ளுச்சி. கம்பெனிக்காரன் பண்ண தப்பு. நான் அத வச்சே எல்லா ஊரையும் முடிச்சிட்டேன். இப்ப நாப்பதுல இருக்கேன்."

"குச்சி மட்டும் வந்துச்சா?"

"குச்சிதான். யாரு புடிச்சிருக்கான்னு தெரியல."

ஹரோல்டுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கி, ஒரு பரிதாபம் வந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ். ஆறரைக்கே கோயில் வாசலில் பஸ் வந்து நின்றுவிட்டது. பேட்ரிக் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் சரிபார்த்த அதே குரலில் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஏற்றினார். கெல்வினும் ஹரோல்டும் மட்டும் ஏறவில்லை. பஸ்ஸின் டயருக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, நாற்பதாவது ஊரில் இருந்தார்கள்.

"இன்னும் பத்து பேருதான் பாக்கி," என்று பேட்ரிக் சத்தம் போட்டார். "பட்டியலு முடிஞ்சதும் கதவு சாத்திருவேன். ரெண்டு பேரும் முடிக்கலன்னா சீட்டு பமீலாவுக்கு."

"என்னங்க," என்று ஃபிளோரா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அஞ்சு பிளாஸ்டிக் பை எடுத்து வந்திருக்கேன். போதுமா, இன்னும் வேணுமான்னு இப்பவே சொல்லுங்க."

நாற்பதாவது ஊரில் வீடே இல்லை. பனி மட்டும். ஒரு அஞ்சலகம், ஒரு மணி, ஒரு நாற்காலி. நரியின் பையில் பெயர் எழுதாத ஒரு கடிதம். கெல்வின் அந்த ஊரில் நான்கு நாளாக ரோடு ரோடாக ஓடிக்கொண்டிருந்தான். மணியை ஒரு தடவை அடித்தான், இரண்டு தடவை அடித்தான், பதினேழு தடவை அடித்தான். குச்சிகூட வரவில்லை.

ஹரோல்டின் நரி இப்போதுதான் அந்த ஊருக்குள் நுழைந்தது. நாற்காலியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தட்டு, அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் தட்டவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆட்டக் காணோமே," என்று முணுமுணுத்தார். "செத்துகித்துப் போச்சா?"

"எந்த ஆடு?" என்றான் கெல்வின், தலையைத் தூக்காமல்.

"மச்சான், இன்னும் நாலு பேரு!" என்றார் பேட்ரிக்.

டிரைவர் இஞ்சினைப் போட்டார். ஹரோல்ட் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு, கடிதத்தை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

கதவு மெதுவாகத் திறந்தது. ஆடு வந்தது. தாடி நரைத்து, குச்சியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வந்தது. கடிதத்தை எடுத்தது. பிறகு தன் தொப்பியைக் கழற்றி நரியின் தலையில் வைத்தது. பாட்டு வந்தது. வாணவேடிக்கை வெடித்தது.

ஹரோல்ட் பஸ் டயரில் நெற்றியை முட்டிக்கொண்டு விசும்பினார். மேலே ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் ஒட்டிக்கொண்டு பார்த்தன.

"என்னா மாமா இது," என்று கெல்வின் வாயைப் பிளந்தான். "சீட்டு கெடச்சதுக்கா அழுவுறீங்க, ஒரு ஆட்டுக்கா அழுவுறீங்க?"

"டேய்," என்றார் ஹரோல்ட். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் படியில் ஏறினார்.

முன் சீட்டில் அவர் உட்கார்ந்த அழகை மந்திரிகூட உட்கார்ந்திருக்கமாட்டார். கண்ணுக்கு முன்னால் ரோடு சுத்தமாக விரிந்து கிடந்தது. வயிறு கருங்கல். சிரம்பான் தாண்டி, டோல் தாண்டி, ஜெபமாலையும் முடிந்தபோது பின்னாலிருந்து பமீலா கேட்டார். "அண்ணே, அந்த ஆடு யாருண்ணே?"

ஹரோல்ட் பேட்ரிக்கின் மைக்கை வாங்கினார். "தங்கச்சி, சொல்லிருவேன். ஆனா சொன்னா செத்துரும். நரி ஒன்னுல நீங்களா போயி அதுங்கிட்ட அடி வாங்கணும். நான் ஏமாந்துபோயிதான் வெளயாடுனேன், ஒத்துக்கிறேன். ஆனா ஏமாத்துனவனத்தான் பாருங்க, நாப்பது ஊரு சுத்திட்டு வந்து எந்த ஆடுன்னு கேக்கறான்."

பஸ் மொத்தமும் கெல்வினைப் பார்த்துச் சிரித்தது. கோலாலம்பூரைத் தாண்டும்போது இருபத்தெட்டுப் பேர் நரி ஒன்றை இறக்கியிருந்தார்கள். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் ஒன்பதாவது ஊரில் மாட்டியவர்களின் கூக்குரல் தொடங்கியது. "ஹரோல்டண்ணே, இங்க வாங்க!" "மாமா, இந்தக் கோழிய பாருங்க!" ஹரோல்ட் எழுந்தார். மூன்றாவது வரிசையில் ஒருவருக்கு எட்டிப் பார்த்தார். விடையைச் சொல்லாமல், "நரிக்கு டீ குடுத்தா என்னாவும், யோசி," என்று மட்டும் சொன்னார். ஐந்தாவது வரிசை கூப்பிட்டது. பிறகு எட்டு. பிறகு கடைசிக்கு முந்தின வரிசையில் பமீலாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்துவிட்டார். காலியான முன் சீட்டில் கெல்வின் போய் உட்கார்ந்து, வீடியோவை மறந்துவிட்டு, அவனும் நரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தாப்பா போனது. ஈப்போ போனது. பமீலா பஸ்ஸிலேயே எல்லாரையும் முந்திக்கொண்டு இருபத்து மூன்றாவது ஊருக்கு வந்துவிட்டார். முட்டிவலிக்காரர், இடத்தைவிட்டு எழாமல் விளையாடினார். ஃபிளோரா திரும்பிப் பார்த்து, கணவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்டு, வாயில் விரலை வைத்து எல்லாருக்கும் சைகை காட்டினார். யாரும் மூச்சுவிடவில்லை.

பேட்ரிக்குக்கு மட்டும் சைகை தெரியவில்லை. மைக்கைத் தட்டினார்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோச செய்தி. நம்ம ஹரோல்ட் மச்சான் பின் சீட்டுல ரெண்டு மணி நேரமா வாந்தி எடுக்காம வந்திருக்காரு. ஒரு கைதட்டு குடுங்க!"

ஹரோல்ட் நிமிர்ந்து பார்த்தார். முன் கண்ணாடி தீப்பெட்டி அளவுக்குத் தூரத்தில் இருந்தது. அதில் ரோடு நூல் போலத் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது.

"அண்ணே! மைக்கு ஒரு கேடு ஒங்களுக்கு!" என்று ஃபிளோரா பையோடு ஓடி வந்தார். "எந்திரிங்க, முன்னாடி போயிருங்க. டேய் கெல்வின், எந்திரிடா!"

கெல்வின் எழுந்து நின்று வழிவிட்டான். ஹரோல்டும் பாதி எழுந்தார். அப்போது பமீலா, "ஆத்தத் தாண்டுனா முட்டுச்சந்தாவுல இருக்கு," என்று அலுத்துக்கொண்டு, மணியின் மேல் விரலை வைத்தார். ஒரு தடவை அடித்தார். பாலம் வந்தது. விரல் இன்னும் மணியின் மேலேயே இருந்தது.

ஹரோல்ட் திரும்ப உட்கார்ந்துவிட்டார். முகம் பச்சைத் தேங்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கைப்பேசியைப் பார்க்காமல் பமீலாவின் முகத்தையே பார்த்தார்.

"வாங்கன்னா!" என்று ஃபிளோரா தோளைப் பிடித்து இழுத்தார்.

"இரு. ஒரே நிமிசம்."

பமீலா எரிச்சலில் இன்னொரு தடவை மணியைக் குத்தினார். கதவு படாரென்று திறந்தது. பமீலா போட்ட அலறலில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"ஐயையோ! யாருண்ணே இது? தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு! என்னா அடி அடிக்குது!"

"அதுதான் தங்கச்சி, ஆடு," என்று காது வரைக்கும் சிரித்தார் ஹரோல்ட். சிரித்து முடித்ததும் பைக்குள் தலையை விட்டார்.